ரஃப் காட்டிய 412 குறைகள்: வாசகர் கேள்வி பதில்

ஆய்வு வேலைக்காகச் செய்நிரல் எழுதும் மலையக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், செய்நிரலின் நடையைத் தானாகச் சோதித்துத் திருத்தும் கருவிகளைப் பற்றியவற்றை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். பைதன் மொழிக்கு ரஃப், பிளாக், ஃப்ளேக்8 என்பவை அப்படிப்பட்ட கருவிகள். கட்டளைகளையும் மாறிப் பெயர்களையும் அச்சில் தமிழ் எழுத்தில் தருகிறோம். டெர்மினலில் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விவசாய பீடத்தில் இறுதி வருடம் படிக்கிறேன். நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மழைவீழ்ச்சித் தரவை ஆராயப் பைதனில் எழுதிய செய்நிரலை, ரஃப் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பும்படி சேர் சொன்னார். போட்டேன், 412 குறைகள் வந்து நிற்கின்றன. ஆய்வறிக்கை கொடுக்க ஒரு மாதந்தான் இருக்கிறது. எங்கே தொடங்குவது?
— மாணவி, பேராதனை

பதில்: 412 என்பது 412 விதமான குறைகள் அல்ல. நாலைந்து விதிகள் திரும்பத் திரும்ப வந்து அந்தத் தொகையைக் காட்டும். 'ரஃப் செக்' கட்டளைக்குப் பின்னால் இரட்டைக் கோடு போட்டு 'ஸ்டடிஸ்டிக்ஸ்' என்று சேர்த்தால், எந்த விதி எத்தனை தடவை என்று சுருக்கமாக வரும். முதலில் அதைப் பாருங்கள்.

ரஃப்பில் இரண்டு தனித்தனி வேலைகள் உண்டு. 'ரஃப் ஃபோர்மட்' தோற்றத்தை மட்டும் மாற்றும்: இடைவெளி, வரி முறியும் இடம், மேற்கோள் குறி. 'ரஃப் செக்' எழுதியிருப்பதைப் படித்துக் குறை சொல்லும்: பயன்படாத இம்போர்ட் (வெளி நூலகத்தை அழைக்கும் வரி), எங்கும் வரையறுக்காத பெயர், சந்தேகமான ஒப்பீடு. இரண்டையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டால், பிறகு விடை மாறினால் எது மாற்றியது என்று பிரித்தெடுக்க முடியாது. ஆகவே இந்த ஒழுங்கில் போங்கள்.

செய்நிரலை இப்போது இருக்கிறபடியே ஒருமுறை ஓட்டி, வரும் அட்டவணைகளை 'பழையது' என்ற கோப்புறையில் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணையாக) சேமியுங்கள். எழுமாற்று எண்கள் இருந்தால் அவற்றின் தொடர் தொடங்கும் சீட் எண்ணை முன்கூட்டியே நிலைப்படுத்துங்கள். பிறகு, கோப்புகளின் ஒவ்வொரு நிலையையும் பதிந்து வைக்கும் கிட்டில் ஒரு கமிட், அதாவது ஒரு பதிவு. கிட் இன்னும் பாவிக்கவில்லை என்றால் இன்றைக்கே 'கிட் இனிட்' போடுங்கள். இது இல்லாமல் எந்தத் திருத்தும் கருவியையும் தொடவேண்டாம்.

அடுத்து 'ரஃப் ஃபோர்மட்'. இரட்டைக் கோட்டுடன் 'டிஃப்' சேர்த்தால் கோப்பை மாற்றாமல், என்ன மாறப்போகிறது என்று மட்டும் காட்டும். திருப்தியானால் உண்மையாக ஓட்டி, அதை மட்டும் தனி கமிட் ஆக்குங்கள். செய்நிரலை மறுபடி ஓட்டிப் பழைய சிஎஸ்வியோடு ஒப்பிடுங்கள். கடைசித் தசம இலக்கம்வரை ஒன்றாக இருக்கவேண்டும். இடைவெளியை மாற்றினால் கூட்டல் கழித்தலின் ஒழுங்கு மாறாது. 0.1 + 0.2 + 0.3 என்பது பைதனில் 0.6000000000000001, அடைப்பு போட்டு 0.1 + (0.2 + 0.3) என்றால் 0.6; இப்படிப்பட்ட அடைப்புகளில் கை வைப்பது ஃபோர்மட்டின் வேலையல்ல. அப்படியும் விடை மாறினால் காரணம் உங்கள் செய்நிரலுக்குள்தான் இருக்கிறது. அடிக்கடி அகப்படும் குற்றவாளி 'குளொப்'. கோப்புறையில் உள்ள கோப்புகளை எந்த வரிசையில் எடுக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் தருவதில்லை. 'சோர்ட்டட்' என்று சுற்றிப் போட்டால் தீரும்.

மூன்றாவதாக 'ரஃப் செக்', அதோடு இரட்டைக் கோட்டுடன் 'ஃபிக்ஸ்'. இது பாதுகாப்பானவை என்று ரஃப் வகைப்படுத்திய திருத்தங்களை மட்டும் செய்யும். மறுபடி ஓட்டி, ஒப்பிட்டு, கமிட்.

மிச்சத்தைக் கையால் பாருங்கள். முதலில் எஃப்821, அதாவது வரையறுக்காத பெயர். அந்த வரிக்குச் செய்நிரல் போய்ச் சேரும் நாளில் அது விழும். அடுத்தது எஃப்841: செயலொன்றுக்குள் மதிப்பைக் கொடுத்துவிட்டுப் பிறகு எங்கும் பயன்படுத்தாத மாறி. மாணவர்கள் இதை வெறும் குப்பை என்று அழித்துவிடுகிறார்கள். அழிக்குமுன் அதை ஏன் எழுதினோம் என்று யோசியுங்கள். 'திருத்திய_மழை' என்று கணக்கிட்டுவிட்டு, வரைபடத்தில் 'மழை' என்பதையே போட்டிருந்தால் ரஃப் சொல்லப்போவது இந்த ஒற்றை வரிதான். வரி நீளம் பற்றிய முறைப்பாடுகள் கடைசி.

ஒரு எச்சரிக்கை. எண் அணிகளுக்கான பைதன் நூலகமான நம்பை சம்பந்தமான 'என்பிவை' விதிகளைச் சேர்த்தால், பழைய எழுமாற்று எண் முறையை விட்டுப் புதிய 'டிஃபோல்ட் ஆர்என்ஜி'க்கு மாறும்படி என்பிவை002 சொல்லும். நல்ல ஆலோசனைதான். ஆனால் மாறினால் அதே சீட் எண்ணுக்கும் வேறு எண்கள் வரும், அறிக்கையில் எழுதிய விடைகளும் மாறும். சமர்ப்பிக்கும் மாதத்தில் அதைச் செய்யவேண்டாம்.

கேள்வி: 31 மழைமானிகளின் வாசிப்புகளை ஒரு நம்பை அணியில் வைத்திருக்கிறேன். வாசிப்பு வராதவை எத்தனை என்று எண்ணினால் 4 என்று வந்துகொண்டிருந்தது. ரஃப்பின் 'அன்சேஃப் ஃபிக்ஸஸ்' தெரிவையும் சேர்த்து ஓட்டிய பிறகு 0 என்கிறது. பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. தரவுக் கோப்பும் அதேதான்.
— வாசகர், ஹட்டன்

பதில்: உங்கள் செய்நிரலில் இந்த வரி இருந்தது:

லென்(அளவு[அளவு == நன்])

வெறுமையைக் குறிக்கும் 'நன்'னோடு இரட்டைச் சமன் போட்டு ஒப்பிடக்கூடாது என்பது ஈ711 விதி. ஆகவே ரஃப் அதை இப்படி ஆக்கியது:

லென்(அளவு[அளவு இஸ் நன்])

சாதாரண மாறிக்கு இரண்டும் ஒன்றுதான். நம்பை அணிக்கு அப்படியல்ல. இரட்டைச் சமன் அணியின் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாக ஒப்பிட்டு, 31 ஆம்–இல்லைகள் கொண்ட புதிய அணி ஒன்றைத் தரும். 'இஸ்' கேட்பது வேறு கேள்வி: இந்த அணி என்ற பொருளே நன்தானா? இல்லை. ஆக ஒரே ஒரு 'ஃபோல்ஸ்' வருகிறது. அந்த ஒற்றை ஃபோல்ஸைச் சதுர அடைப்புக்குள் கொடுத்தால் நம்பை மறுப்பதில்லை. வெற்று அணி ஒன்றைத் திருப்பித் தருகிறது. வெற்று அணியின் நீளம் 0. எல்லாம் சட்டப்படி நடந்திருப்பதால் பிழைச்செய்திக்கு இடமே இல்லை. அட்டவணை நூலகமான பாண்டாஸின் அட்டவணையாக இருந்திருந்தால் 'கீ எரர்' என்று அங்கேயே நின்றிருக்கும், நீங்களும் உடனே கண்டிருப்பீர்கள்.

இந்த 0 பொல்லாத 0. வாசிப்பு வராத நாலு மானிகளும் இருக்கிறதாகக் கருதிக்கொண்டு அடுத்த வரியில் சராசரி எடுத்தால், அடைமழை நாளில்கூட மழை குறைவாகத் தெரியும். மண்சரிவு வேலைக்கு அந்தத் தரவு போகிறதென்றால் சொல்லத் தேவையில்லை.

சரியான மாற்று பாண்டாஸின் 'இஸ்னா'. அதில் அணியைக் கொடுத்து 'சம்' போட்டால் 4 வரும். நம்பையின் 'இஸ்நேன்' இங்கே உதவாது. நன் கலந்த அணி 'ஒப்ஜெக்ட்' வகையாக இருப்பதால் அது 'டைப் எரர்' சொல்லி மறுக்கும். இன்னும் நல்லது, கோப்பை வாசிக்கும்போதே வெற்றிடங்கள் நேன் ('எண் அல்ல' என்ற குறி) ஆகும்படி தசம எண் அணியாக வாசிப்பது. பிறகு நன் என்ற பேச்சே எழாது.

ரஃப் ஒரு திருத்தத்தை 'அன்சேஃப்' என்று தள்ளி வைப்பது இதற்காகத்தான்: பொருள் மாறலாம் என்று அதற்கே தெரியும். ஈ712ம் இதே சாதி. ட்ரூ, ஃபோல்ஸ் என்பவற்றோடு இரட்டைச் சமன் போடுவதைப் பிடிப்பது அது. நம்பை, பாண்டாஸ் பாவிக்கும் செய்நிரலில் அன்சேஃப் திருத்தங்களை மொத்தமாக ஓட்டவே கூடாது என்பது எமது கருத்து. அமைப்புக் கோப்பில் 'அன்ஃபிக்ஸபிள்' பட்டியலில் ஈ711, ஈ712 இரண்டையும் போட்டுவிட்டால், குறையைக் காட்டும், கை வைக்காது.

கேள்வி: மலைச்சரிவு உயரத் தரவை எக்ஸ்அரே நூலகத்தில் வாசிக்கும் செய்நிரல். பாதுகாப்பான திருத்தம் மட்டும்தான் ஓட்டினேன். இப்போது 'ரியோ என்ற பண்பு இல்லை' என்கிறது.
— வாசகி, மாத்தளை

பதில்: 'இம்போர்ட் ரியோஎக்ஸ்அரே' என்ற வரியைத் தேடிப் பாருங்கள், இருக்காது. அந்தப் பெயரைச் செய்நிரலில் வேறெங்கும் எழுதாததால், பயன்படாத இம்போர்ட் என்று எஃப்401 விதிப்படி ரஃப் எடுத்துவிட்டது. ஆனால் ரியோஎக்ஸ்அரேயை இம்போர்ட் செய்வதே ஒரு வேலை: எக்ஸ்அரேயின் பொருள்களில் 'ரியோ' என்ற கதவை அது அப்போதுதான் திறந்து வைக்கிறது. வரியைத் திரும்பப் போட்டு, அதே வரியின் கடைசியில் கருத்துரையாக 'நோக்யூஏ: எஃப்401' என்று எழுதுங்கள். விதி எண்ணை எழுதாமல் வெறும் 'நோக்யூஏ' போட்டால் அந்த வரியின் எல்லாக் குறைகளும் மறைந்துவிடும், அது சோம்பேறித்தனம்.

கேள்வி: சுழற்சி அணி ஒன்றின் 9 எண்களை மூன்று நிரை, மூன்று நிரலாக அழகாக அடுக்கி வைத்திருந்தேன். ஃபோர்மட் போட்டதும் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக 9 வரியாகிவிட்டது.
— வாசகர், பதுளை

பதில்: கடைசி எண்ணுக்குப் பின்னால் காற்புள்ளி விட்டிருப்பீர்கள். பிளாக்கும் ரஃப்பும் அதை 'ஒரு வரிக்கு ஓர் உறுப்பு' என்ற உத்தரவாக எடுத்துக்கொள்ளும். அதை நீக்கினால் கொஞ்சம் சீராகும். ஆனால் தசமப் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்கும்படி நீங்கள் விட்ட இடைவெளியை எந்த ஃபோர்மட்டரும் மதிக்காது. அணிக்கு மேலே 'எஃப்எம்டி: ஆஃப்', கீழே 'எஃப்எம்டி: ஒன்' என்று கருத்துரை போடுங்கள். இரண்டும் முழுக் கூற்றுக்கு வெளியே இருக்கவேண்டும். அடைப்புக்குள்ளே போட்டால் ரஃப் கவனிக்காது. 9 எண்ணுக்கு இது சரி. 200 எண்கள் கொண்ட அட்டவணை என்றால் அது செய்நிரலுக்குள் இருக்கவே கூடாது, சிஎஸ்விக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பிளாக் திருத்தியதை ஃப்ளேக்8 பிழை என்கிறது. ஃப்ளேக்8 சொன்னபடி மாற்றினால் பிளாக் திரும்ப மாற்றுகிறது. யார் சரி?
— வாசகர், தலவாக்கலை

பதில்: பிளாக். சண்டை வரும் இடங்கள் தெரிந்தவையே. பிளாக் வரிக்கு 88 எழுத்து விடும், ஃப்ளேக்8 வழக்கத்தில் 79இல் நிற்கும். அணியைத் துண்டிக்கும் முக்காற்புள்ளிக்கு முன் பிளாக் சில வேளை இடைவெளி விடும், ஈ203 அதைக் குறை சொல்லும். ஃப்ளேக்8 அமைப்பில் வரி நீளத்தை 88 ஆக்கி, 'எக்ஸ்டெண்ட் இக்னோர்' என்பதில் ஈ203ஐயும் ஈ701ஐயும் போட்டால் அமைதி. 'இக்னோர்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அது ஃப்ளேக்8 ஏற்கெனவே மௌனமாக வைத்திருக்கும் டபிள்யூ503, டபிள்யூ504 இரண்டையும் திறந்துவிடும். ஒன்றுக்கொன்று எதிரான விதிகள் அவை. புதிதாகத் தொடங்குபவர் ரஃப் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை.

கேள்வி: ஓடைகளின் வெள்ள அளவைக் கணக்கிடும் பழைய ஃபோர்ட்ரான் செய்நிரல் ஒன்றைப் பாவிக்கிறோம். கோப்பின் பெயர் '.எஃப்' என்று முடிகிறது. வாசிக்கக் கஷ்டமாக இருந்ததால் வளையங்களுக்குள் இருந்த வரிகளை இரண்டு இடம் உள்ளே தள்ளினேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனால் 12ஆம் நீரேந்துப் பகுதிக்கு மட்டும் விடை மாறிவிட்டது. இடைவெளி விட்டால் விடை மாறுமா?
— பொறியியல் உதவியாளர், கண்டி

பதில்: அந்தக் கோப்பில் மாறும். '.எஃப்' என்று முடியும் கோப்பை ஜிஃபோர்ட்ரான் என்ற தொகுப்பி (செய்நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது) நிலையான வடிவம் என்று எடுத்துக்கொள்ளும். துளையிட்ட அட்டைக் காலத்து ஒழுங்கு அது: முதல் 5 இடங்கள் வரி எண்ணுக்கு, 6ஆம் இடம் முந்திய வரியின் தொடர்ச்சி என்ற குறிக்கு, 7 முதல் 72 வரை செய்நிரல். அட்டைக்கு 80 இடம். கடைசி எட்டும் அட்டையின் தொடரிலக்கத்துக்கு. கீழே விழுந்து கலைந்தால் அடுக்குவதற்கு. ஆகவே 72க்கு அப்பால் என்ன எழுதினாலும் தொகுப்பி அதைப் படிப்பதில்லை.

உங்கள் கணக்கு 0.278 × ஓட்டக் குணகம் × மழைச் செறிவு × பரப்பு என்ற வழக்கமான சூத்திரம்; செறிவு மணிக்கு மில்லிமீற்றர், பரப்பு சதுர கிலோமீற்றர், விடை செக்கனுக்குக் கன மீற்றர். அந்தக் கூற்றின் கடைசிச் சொல் 'ஏரியா12'. அதன் கடைசி எழுத்து 71ஆம் இடத்தில் இருந்ததாக வையுங்கள். இரண்டு இடம் தள்ளினீர்கள். '2' என்ற இலக்கம் 73க்குப் போய்விட்டது. தொகுப்பி கண்டது 'ஏரியா1'. அப்படியும் ஒரு மாறி இருக்கிறதே, முதலாம் பகுதியின் பரப்பு! இலக்கணப் பிழை இல்லை, ஓட்டத்தில் பிழை இல்லை, 12ஆம் ஓடைக்கு மட்டும் முதலாம் பகுதியின் பரப்பால் பெருக்கிய வெள்ளம். 'ஏரியா1' என்று ஒன்று இல்லாதிருந்தாலும் தப்பியிருக்க மாட்டீர்கள். 'இம்ப்ளிசிட் நன்' எழுதாத ஃபோர்ட்ரான், தெரியாத பெயரைக் கண்டதும் தானே ஒரு மாறியை உண்டாக்கிக்கொள்ளும்; நினைவகத்தில் கிடந்த ஏதோ ஓர் எண் அதற்குள் இருக்கும்.

முதலில் உங்கள் மாற்றத்தைத் திரும்ப எடுங்கள். மூலக் கோப்பை '–டபிள்யூஆல்' தெரிவோடு தொகுத்துப் பாருங்கள். 72ஐத் தாண்டி வெட்டுப்படும் வரிகளை அது எச்சரிக்கும். நீங்கள் கை வைக்குமுன்னரே வெட்டுப்பட்டிருந்த வரிகளும் அகப்படலாம். கூடவே '–எஃப்இம்ப்ளிசிட்–நன்' தெரிவையும் ஒருமுறை கொடுங்கள். அறிவிக்காத மாறிகள் எல்லாம் பிழையாக வந்து குவியும். ஒவ்வொன்றாக அறிவியுங்கள். சலிப்பான வேலை, ஆனால் முழுத் திருத்தத்திலும் இதுதான் பெறுமதியான பகுதி. நிலையான வடிவத்தில் சொற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியும் கணக்கில் இல்லை. 'டூ 10 ஐ = 1,10' என்ற வளைய வரியில் காற்புள்ளிக்குப் பதில் புள்ளி விழுந்தால், 'டூ10ஐ' என்ற மாறிக்கு 1.10 கொடுப்பதாக ஆகிவிடும். அதையும் இந்தத் தெரிவு பிடிக்கும்.

வரி நீளத்தை 132 ஆக்கும் தெரிவு ஜிஃபோர்ட்ரானில் உண்டு. குறுக்கு வழி என்று உடனே அதைப் போடவேண்டாம். பழைய கோப்பில் 73 முதல் 80 வரை தொடரிலக்கம் இன்னும் இருந்தால், அவையும் கணக்கின் பகுதியாக வாசிக்கப்படும்.

பிறகு 'ஃபைண்டென்ட்' கருவியால் கோப்பைக் கட்டற்ற வடிவத்துக்கு மாற்றி, '.எஃப்90' என்று பெயரிடுங்கள். அங்கே வரிக்கு 132 இடம் உண்டு. அதையும் தாண்டி வெட்டுப்பட்டால் ஜிஃபோர்ட்ரான் பிழை சொல்லி நிறுத்தும். தொகுத்து எல்லாப் பகுதிகளுக்கும் விடையை ஒப்பிட்டபின் 'எஃப்பிரிட்டிஃபை' போட்டு உள்தள்ளலை ஆசைப்படி சீராக்கலாம். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்காதீர்கள். எஃப்பிரிட்டிஃபை கட்டற்ற வடிவத்துக்கென்று எழுதப்பட்டது.

கேள்வி: நாங்கள் மூவர் சேர்ந்து எழுதும் செய்நிரலில், கமிட்டுக்கு முன் கோப்புகளைச் சோதிக்கும் 'பிரீ–கமிட்' போட்டிருக்கிறோம். கமிட் செய்தால் 'ஃபெயில்ட்' என்கிறது, ஆனால் திருத்தியும் விடுகிறது. அதைவிட, எங்கள் தரவுக் கோப்பு ஒன்றையும் கெடுத்துவிட்டது.
— வாசகர், பண்டாரவளை

பதில்: முதலாவது பழுதல்ல. கமிட்டுக்கு நீங்கள் எடுத்து வைத்த பிரதி ஒன்று, கருவி திருத்திய கோப்பு இன்னொன்று. நீங்கள் பார்க்காத மாற்றத்தை உங்கள் பெயரில் கமிட் செய்யக்கூடாதென்று அது நிற்கிறது. 'கிட் டிஃப்' போட்டு என்ன மாறியது என்று பார்த்து, 'கிட் அட்', பிறகு மறுபடி கமிட். ஃபெயில்ட் என்பதைக் கண்டு எரிச்சலில் 'நோ–வெரிஃபை' போடப் பழகிவிட்டால் கருவி வைத்திருப்பதில் பயனில்லை.

இரண்டாவது உண்மையான சேதம். வரிக் கடைசி இடைவெளியை நீக்கும் 'ட்ரெய்லிங்–வைட்ஸ்பேஸ்', கமிட்டுக்குப் போகும் உரைக் கோப்புகள் எல்லாவற்றையும் தொடும். பைதன் கோப்பு, தரவுக் கோப்பு என்று பார்க்காது. டாப் எழுத்தால் பிரித்த அட்டவணையில் கடைசி இரண்டு நிரல்கள் வெறுமையாக இருக்கும் நிரைகள், இரண்டு டாப் எழுத்துகளோடு முடியும். அவை இரண்டும் போய்விட்டன. அந்த நிரைகளுக்கு மட்டும் நிரல் எண்ணிக்கை குறைந்துவிட்டது. அமைப்புக் கோப்பில் 'எக்ஸ்க்ளூட்' போட்டுத் தரவுக் கோப்புறை முழுவதையும் விலக்குங்கள். இடம் எண்ணி வாசிக்கப்படும் காலநிலைக் கோப்புகள், சோதனைக்கு ஒப்பிடும் விடைக் கோப்புகள், '.பேட்ச்' கோப்புகள் எல்லாம் அந்த விலக்கில் சேரவேண்டும். 500 கிலோபைட்டுக்கு மேற்பட்ட கோப்பைத் தடுக்கும் 'செக்–அடட்–லார்ஜ்–ஃபைல்ஸ்' மட்டும் தரவுக் கோப்புறைக்கும் நல்லது.

டொங்கிள் டேட்டாவில் வேலை செய்பவர்களுக்கு: முதல் முறை ஓடும்போது ஒவ்வொரு கருவியையும் இணையத்திலிருந்து இறக்கிச் சேமித்துக்கொள்ளும். பல்கலைக்கழக வைஃபையில் இருக்கும்போதே 'பிரீ–கமிட் ரன்', கூடவே 'ஆல்–ஃபைல்ஸ்' என்று ஒருமுறை ஓட்டிவிடுங்கள். அமைப்புக் கோப்பிலுள்ள கருவிப் பதிப்பைக் குறிக்கும் 'ரெவ்' எண்ணை யாரும் மாற்றாதவரை, சிக்னல் இல்லாத தோட்டத்திலிருந்தும் கமிட் செய்யலாம். மூவரும் ஒரே ரெவ் எண்ணில் இருப்பதும் அவசியம். இல்லாவிட்டால் ஒருவர் சீராக்கியதை மற்றவரின் பதிப்பு மறுபடி கலைக்கும்.

கேள்வி: கருத்துரைகளைத் தமிழில் எழுதுகிறேன். பாதி வரிகூட நிரம்பவில்லை, 79ஐத் தாண்டிவிட்டது என்கிறது ஃப்ளேக்8.
— ஆசிரியை, கொட்டகலை

பதில்: கண் எழுத்தை எண்ணுகிறது, கருவி யூனிக்கோட் குறியீட்டை எண்ணுகிறது. 'மழைவீழ்ச்சி' நமக்கு 6 எழுத்து. உள்ளே ஐகாரக் குறி, ஈகாரக் குறி, புள்ளிகள் எல்லாம் தனித்தனியாகச் சேர்ந்து 11. 'நுவரெலியா' 5 எழுத்து, உள்ளே 9. தமிழ்க் கருத்துரை உள்ள கோப்புகளுக்கு வரி நீளத்தை 99 ஆக்கிக்கொள்ளுங்கள். குழு இணங்கினால் செய்நிரல் வரிகள் 99 வரை போகலாம் என்று பைதனின் நடைக் கையேடான பெப் 8 சொல்கிறது. கருத்துரைகளை மட்டும் அது 72க்குள் நிறுத்தச் சொல்கிறது, ஆகவே தமிழ்க் கருத்துரைக்கு 99 என்பது நீங்களே எடுக்கும் முடிவு.

உங்கள் ஊர்ப் பெயரிலேயே இதைவிட முக்கியமான விடயம் ஒன்று இருக்கிறது. 'கொ' என்பதை ககரம், ஒகரக் குறி என்று 2 குறியீடாகவும் சேமிக்கலாம்; ககரம், எகரக் குறி, கால் என்று 3 ஆகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் ஒரு 'கொட்டகலை' 8 குறியீடு, மற்றது 9. இரட்டைச் சமன் போட்டால் ஃபோல்ஸ். மாறிப் பெயராக இருந்தால் பைதன் தானே ஒன்றாக்கிக்கொள்ளும். மேற்கோளுக்குள் இருக்கும் சரத்தை அப்படிச் செய்யாது. பாண்டாஸில் இரண்டு அட்டவணைகளை ஊர்ப் பெயரால் 'மெர்ஜ்' செய்யும்போது கொட்டகலையும் கொத்மலையும் காணாமற்போனால் இதைச் சந்தேகியுங்கள். தரவை வாசித்ததும் ஊர்ப் பெயர் நிரலை 'யூனிக்கோட்டேட்டா'வின் 'நோமலைஸ்' வழியாக குறிகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் 'என்எஃப்சி' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். கோப்பிலிருந்து வரும் எழுத்தைப் பற்றி நடைக் கருவிகளுக்கு ஒன்றும் தெரியாது.

கேள்வி: பழைய செய்நிரல் முழுவதற்கும் பிளாக் போட்டோம். இப்போது, வரிவரியாக எழுதியவர் பெயரைக் காட்டும் 'கிட் பிளேம்' போட்டால் எல்லா வரியும் திருத்தியவர் பெயரிலேயே வருகிறது.
— ஆய்வுக் குழு, கண்டி

பதில்: அந்தத் திருத்தத்தைத் தனி கமிட்டாகச் செய்திருந்தால் கவலையில்லை. அதன் முழு 40 இலக்கக் குறியீட்டை '.கிட்–பிளேம்–இக்னோர்–ரெவ்ஸ்' என்ற கோப்பில் ஒரு வரியாக எழுதி, 'கிட் கொன்ஃபிக்' வழியாக 'பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்' என்பதற்கு அந்தக் கோப்பைக் காட்டுங்கள். கிட் 2.23 முதல், அதாவது 2019 முதல் இது வேலை செய்கிறது. கிட்ஹப் தளமும் அந்தப் பெயருள்ள கோப்பைத் தானே கவனிக்கும். சைக்கிட்–லேர்ன் போன்ற பெரிய திட்டங்கள் செய்வதும் இதுவே. தோற்றத் திருத்தத்தோடு கணக்கையும் மாற்றிய கமிட் என்றால் அதை இந்தப் பட்டியலில் போடாதீர்கள்.

கேள்வி: ஆர் மொழியில் வெப்பநிலைத் தரவு. 'ட்ரூ' என்பதற்கு 'டி' என்று சுருக்கி எழுதினால் ஆரின் நடைச் சோதனைக் கருவி லின்ட்ஆர் ஏன் குறை சொல்கிறது? எத்தனையோ வருடமாக எழுதுகிறோமே.
— வாசகர், நுவரெலியா

பதில்: ஆரில் 'ட்ரூ' ஒதுக்கப்பட்ட சொல். 'டி' வெறும் மாறி, யாரும் மாற்றலாம். வெப்பநிலைக்கு 'டி' என்று பெயர் வைப்பது உங்கள் துறையில் வழக்கம். உறைபனி விழுந்த தை மாதக் காலை ஒன்றுக்கு டி = 0 என்று வந்தால், கீழே 'சம்' கட்டளையில் விடுபட்டவற்றைத் தள்ளிவிடச் சொல்லும் 'என்ஏ.ஆர்எம் = டி' என்பது 'ஃபோல்ஸ்' ஆகிவிடும். விடுபட்ட வாசிப்பு ஒன்று இருந்தாலும் மொத்தம் 'என்ஏ', அதாவது விடை இல்லை. மற்ற நாட்களில் 12, 16 என்று இருக்கும்போது சுழியல்லாத எண் ட்ரூவாக எடுக்கப்படுவதால் ஒன்றும் தெரியாது. 'ஸ்டைலர்' இடைவெளியைச் சீராக்கும். இதைக் காட்டுவது லின்ட்ஆர்தான். முழுச் சொல்லாக எழுதுங்கள்.

கேள்வி: பாடசாலையில் ஆர்டுயினோ ஊனோவில் சாய்வாளி மழைமானி செய்திருக்கிறோம். கன்ட்ரோல், டி இரண்டையும் அழுத்தினால் செய்நிரல் அழகாகிவிடுகிறது. ஆனால் எண்ணிக்கை சில வேளை தப்புகிறது.
— விஞ்ஞான ஆசிரியர், ஹப்புத்தளை

பதில்: அது தோற்றத்தை மட்டும் சீராக்கும் 'ஓட்டோ ஃபோர்மட்'. உங்கள் பழுது வேறு மூன்று இடங்களில் இருக்கலாம். இடைமறிப்புச் செயலுக்குள் கூட்டும் எண்ணியை 'வொலடைல்' என்று அறிவித்திருக்கவேண்டும். ஊனோ 8 பிட் கருவி, எண்ணியோ 16 பிட். பாதி வாசிக்கும்போது வாளி சாய்ந்தால் தவறான எண் வரும். ஆகவே எண்ணியைப் பிரதி எடுக்கும் அந்த ஒரு வரிக்கு முன்னும் பின்னும் 'நோஇன்டரப்ட்ஸ்', 'இன்டரப்ட்ஸ்' போடுங்கள். மூன்றாவது, காந்த ஆளி அடைபடும்போது துள்ளுவதால் ஒரு சாய்வு இரண்டாக எண்ணப்படுவது. முந்திய துடிப்பிலிருந்து 100 மில்லிசெக்கனுக்குள் வருவதைத் தள்ளிவிடுங்கள்.

ஒரு சாய்வுக்கு எத்தனை மில்லிமீற்றர் என்பதையும் சூத்திரத்துக்குள் வெறும் எண்ணாக எழுதாமல், மேலே பெயருள்ள மாறிலியாக வையுங்கள். வாங்கும் மானிகளில் 0.2 உண்டு, 0.2794ம் உண்டு. வாய் விட்டம் 20 சென்டிமீற்றர் என்றால் பரப்பு 314 சதுர சென்டிமீற்றர், 0.2 மில்லிமீற்றருக்கு 6.28 மில்லிலீற்றர். 628 மில்லிலீற்றர் தண்ணீரைச் சேலைன் குழாயால் மெதுவாகச் சொட்டவிட்டால் 100 சாய்வு வரவேண்டும். 94 வந்தால் வாளியின் திருகாணியைச் சரிசெய்யுங்கள். அது இல்லாத மானி என்றால் மாறிலியை 0.213 ஆக்குங்கள்.